ஒரு நாடே திவாலானால் வீட்டில் என்ன நடக்கும்? 2022ல் இலங்கையில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்

தோணித்துறை (தூத்துக்குடி) கேட்டது:

வணக்கம். எங்கள் மாமா இங்கிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வற்றலும் அனுப்பிக்கொண்டிருந்தவர். 2022 மார்ச்சில் சரக்கு இறங்கிய பிறகும் பணம் வரவில்லை. வாங்கியவர் மோசமான ஆள் இல்லை. ரூபாயை அவர் தன் வங்கியில் கட்டிவிட்டார். அதை டாலராக மாற்றி அனுப்ப வங்கியிடம்தான் டாலர் இல்லை. கடைசியில் தவணை தவணையாக வந்து சேர்ந்தது, அது வேறு கதை.

அப்போதிருந்தே ஒரு சந்தேகம். அரசாங்கம் திவால் என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் அரசு ஆபீஸ் மூடிவிடுமா? சம்பளம் வருமா? வங்கியில் போட்ட பணம் போய்விடுமா? ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஆட்கள் குளித்த வீடியோ பார்த்தேன், ஆனால் ஒரு சாதாரண வீட்டில் என்ன நடந்தது என்று எங்கும் ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கவில்லை. பொருளாதாரப் பாடம் வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.

கடன்கணக்கு எழுதியது:

எல்லாம் சீனாக்காரன் வேலை. துறைமுகம் கட்டித் தருகிறேன் என்று கடன் கொடுத்து நாட்டையே எழுதி வாங்கிவிட்டான். இதில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

தம்பி தோணித்துறை, நான் யாழ் மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். உங்கள் ஊர் முறைப்படி தாலுகா ஆபீஸ் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். திவாலான அரசாங்கத்துக்குள் இருந்து கோவை (ஃபைல்) எழுதினேன், வெளியே வந்து அதே அரசாங்கத்தின் பெற்றோல் வரிசையிலும் நின்றேன். இரண்டு பக்கமும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அலுவலகம் மூடவில்லை. சம்பளம் ஒரு மாதமும் தவறவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு இதுதான் விளங்குவதில்லை. அரசாங்கத்திடம் தீர்ந்துபோனது டொலர். ரூபாவை அது அச்சடித்துக்கொள்ளும். 2019 டிசம்பரில் புது அரசாங்கம் வந்த கையோடு பெறுமதி சேர் வரியை (வாட்) 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறக்கியது. சம்பளத்தில் பிடிக்கிற வரியையும் தூக்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு கொரோனா. உல்லாசப் பயணிகளும் இல்லை, வரியும் இல்லை. குறைந்த காசை மத்திய வங்கி அச்சடித்துக் கொடுத்தது. 2019 முடிவில் அதன் கையில் இருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள் நூறு பில்லியன் ரூபாவுக்கும் கீழே. இரண்டு வருடத்தில் அது ஒரு ட்ரில்லியனைத் தாண்டியது, உங்கள் கணக்கில் ஒரு லட்சம் கோடிக்கு மேல். அதில் எங்களுக்கும் பங்கு வந்தது: 2022 ஜனவரியிலிருந்து அரச ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5,000 ரூபா மேலதிகப் படி. வேண்டாம் என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

மார்ச் தொடக்கம் வரை டொலர் இருநூறு ரூபா சொச்சத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. பிடியை விட்டார்கள், மே மாதம் 360. என் கைக்கு வந்தது சுமார் 45,000 ரூபா. தை மாதம் அது 225 டொலர், வைகாசியில் 125. சம்பளத் துண்டில் ஒரு சதமும் குறையவில்லை. பருப்பு, சீனி, கோதுமை மா, மருந்து, பெற்றோல் எல்லாம் கப்பலில் வருகிற நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 51 பில்லியன் டொலர் வெளிக்கடன். மே முதல் வாரத்தில் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார், எடுத்துச் செலவழிக்கக்கூடிய டொலர் 50 மில்லியனும் இல்லையென்று. பிறகு ரணில் விக்கிரமசிங்க பிரதமராக வந்து தொலைக்காட்சியில், ஒரு நாளுக்குத்தான் பெற்றோல் இருக்கிறது என்றார். அரச ஊழியர் சம்பளத்துக்குக் காசு அச்சடிக்க வேண்டியிருக்கிறது என்றும் அதே பேச்சில் சொன்னார். அவ்வளவு வெளிப்படையாக ஒரு அரசியல்வாதி பேசி நான் கேட்டதில்லை, அதனால் பயம் இன்னும் கூடிற்று.

அலுவலகத்துக்குள் என்ன நடந்தது என்றால், முதலில் கடதாசி முடிந்தது. கொழும்புப் பக்கம் பள்ளிக்கூடச் சோதனையே கடதாசி இல்லாமல் தள்ளிவைத்தார்கள். நாங்கள் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் அச்செடுத்தோம். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துத்தான் அதுவும். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜூனில் ஒரு சுற்றறிக்கை: வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வர வேண்டாம், வீட்டில் பயிர் செய்யுங்கள். இதை யோசித்தவர் தோட்டம் செய்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு வளவில் மரவள்ளியும் முருங்கையும் முன்பே நின்றன. அதற்கு மேல் ஏதாவது போடுவதென்றால் உரம் வேண்டும், கிணற்றில் இறைக்க மண்ணெண்ணெய் வேண்டும். இரண்டும் இல்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் பெற்றோல் வரிசைக்குப் போனோம்.

இன்னொரு சுற்றறிக்கையில், ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்றார்கள். ஒரு அரசாங்கம் தன் ஊழியரைப் பார்த்து வேறெங்காவது போய் உழையுங்கள் என்று சொன்னதை அன்றுதான் கண்டேன். எங்கள் கிளையிலேயே ஆள் போனார்கள். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள். அவர்கள் அனுப்பும் டொலர்தான் பிறகு கைகொடுத்தது. அதற்காகப் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

வீட்டுக்கு வருவோம். எங்கள் ஊரில் காஸ் இல்லை என்று யாரும் பட்டினி கிடக்கவில்லை. தென்னம்பாளை, தேங்காய் மட்டை, பனைமட்டை இருந்தது. கொழும்பில் ஐந்தாம் மாடியில் இருந்த என் தங்கை எங்கே போய் அடுப்பு மூட்டுவாள்? அவள்தான் முதலில் உடைந்தாள். பால்மா 400 கிராம் மார்ச்சில் 790 ரூபா, அதுவும் தெரிந்த கடைக்காரர் மறைத்து வைத்துத் தந்தால் உண்டு. பால் இல்லாத பிளேன்டீக்கு மாறினோம். சின்னப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு அது மாற முடியாத செலவு.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கேட்டால் ஒரு பெருமை கேட்பீர்கள்: இதெல்லாம் எங்களுக்குப் புதிதா, தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்கள் நாங்கள் என்று. உண்மைதான். பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் வராத காலம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிற்று, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றிச் செய்தி கேட்டோம், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். 2022ல் அம்மா அந்த ஜாம் போத்தல் விளக்கை மறுபடி செய்து காட்டினா. ஆனால் ஒரு வித்தியாசத்தை இந்தப் பெருமைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்போது எங்களை மறித்திருந்தார்கள், மறிப்புக்கு அந்தப் பக்கம் சாமான் இருந்தது. கிளாலிக் கடலால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் கொழும்பில் எல்லாம் வாங்கலாம். 2022ல் கொழும்பிலேயே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். வரிசைகள் எப்படி மறைந்தன என்று எல்லாரும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர மற்றவர்களுக்கு எரிபொருளே இல்லை என்றார்கள். அப்போது பட்டியல் போடுகிற வேலை எங்களுக்கு. யார் அத்தியாவசியம், யார் இல்லை? வைத்தியசாலைத் தாதி, சரி. பிணப்பெட்டிக் கடைக்காரர்? பள்ளிக்கூட வான் ஓட்டுபவர்? மேசைக்கு முன்னால் வந்து அழுதவர்களை இன்னமும் சந்தையில் காண்கிறேன். அப்புறம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வரிசை குறைந்தது. அதில் கியூஆருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மற்றப் பங்கு விலைக்கு. ஒக்டேன் 92 பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபா வரை போனது. ஓட்டோ ஓட்டி அதைப் பிடிக்க முடியாதவர் ஓட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டார். நின்றுவிட்ட ஓட்டோ வரிசையில் வராது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வரிசை இல்லாததைப் பார்த்து, நாடு மீள்கிறது என்று எழுதினார்கள்.

மண்ணெண்ணெயைப் பாருங்கள். ஓகஸ்ட் 2022ல் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340. எங்கள் கரையோரச் சின்னப் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். அது கிடைக்காத மாதங்களில் அவர்கள் கடலுக்குப் போகவில்லை. கிடைத்தபோது போய் வந்தால் கணக்குச் சரிவரவில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மின்கட்டணம் அதே ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் கூடியது. ஆறு மாதம் கழித்து இன்னும் 66 சதவீதம். பெறுமதி சேர் வரி 8லிருந்து 12, பிறகு 15, 2024 தொடக்கத்தில் 18. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20ஆம் தேதி ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்ததற்கு இந்த விலைகள்தான் அடித்தளம். அரசாங்கம் எழும்பி நின்றது. எழும்புவதற்கு ஊன்றிய கை எங்கள் தோளில்.

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தைத் தொட்டது, சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தால் 95க்குக் கிட்ட. ஒரு வருடத்தில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. டிவியில் பெரிய சாதனையாகக் காட்டினார்கள். விலை இறங்கவில்லை, தம்பி. ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டது. சம்பளம் அந்த உயரத்துக்கு வரப் பல வருடம் எடுக்கும். உலக வங்கிக் கணக்கில் 2022ல் நாட்டில் நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார், நெருக்கடிக்கு முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு.

வங்கியில் போட்ட பணம் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகவில்லை. ஐந்து லட்சம் போட்டிருந்தால் ஐந்து லட்சமும் வட்டியும் வந்தது. அதைக் கொண்டு வாங்கக்கூடியது பாதியாயிற்று. கையில் மிச்சம் இருந்தவர்களுக்கு வேறு கதை. அரசாங்கத்தின் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு (குறுகிய காலக் கடன் பத்திரம்) அந்த வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி. தெரிந்தவர்கள் போட்டு எடுத்தார்கள். இல்லாதவர்கள் தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகு வைத்தார்கள். 2023ல் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கிறோம் என்று தொடங்கி, தனியார் துறைத் தொழிலாளிகளின் ஊழியர் சேமலாப நிதியின் (உங்கள் ஊர் பி.எஃப். மாதிரி) முதலீட்டைக் குறைந்த வட்டிப் பத்திரங்களுக்கு மாற்றினார்கள், 2025க்குப் பிறகு 9 சதவீதம். வங்கிகளை அந்தச் சுமையில் சேர்க்கவில்லை. வங்கி விழுந்தால் எல்லாமே விழும் என்றார்கள். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளையின் ஓய்வுகாலக் காசில் கைவைத்தது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

உங்கள் ஊருக்கு ஒரு நன்றி. தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால்மா, மருந்து வந்தது. மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது, அதில் 9,000 தொன் அரிசி. யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியலும் எங்கள் மேசைக்குத்தான் வந்தது. அதில் பெயர் வர வேண்டும் என்று முந்தைய வருடம்வரை மற்றவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த வீடுகளும் கேட்டு வந்தன, கிராம சேவையாளரிடம் மெதுவாக.

கடன்கணக்கு அண்ணைக்கு ஒரு வரி: அம்பாந்தோட்டையை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது 2017ல், உண்மை. ஆனால் வெளிக்கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் நாங்களே விற்ற டொலர் பத்திரங்கள். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மேற்கு நாட்டு முதலீட்டு நிறுவனங்கள். சீனா கடன்காரர்களில் ஒருவர்தான்.

கொழுந்துமலை (ஹட்டன் பக்கம்) எழுதியது:

அக்கா நன்றாக எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு வளவு இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கதவு. முருங்கை நட இடம் எங்கே?

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். எங்கள் ஆட்களின் சாப்பாடு ரொட்டி, கோதுமை மா. 2021ல் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனது. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுநாள் பேர், அதாவது முழுநாள் சம்பளம். ஒரு வருடம் முடிவதற்குள் அந்த ஆயிரம் எங்கே போனது என்று தெரியவில்லை. மா கிலோ நூறு ரூபாவுக்குக் கீழே இருந்தது, 2022ல் ஒரு கட்டத்தில் 400 வரைக்கும் விற்றது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ மா போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்தார்கள். இயற்கை விவசாயம் என்று பெயர், டொலர் மிச்சம் பிடிக்கத்தான் என்று பலரும் அப்போதே சொன்னார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் உரம் விலை எட்டவில்லை. நெல்லுக்கு விழுந்த அடியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். தேயிலைக்கும் அதே அடி. கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்கு வராது, கிலோ வராவிட்டால் அரைநாள் பேர். இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிற பயிர்களில் தேயிலை ஒன்று. பறிக்கிற கை அந்த டொலரைக் கண்டதில்லை.

வகுப்பில் நான் கண்டது: காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பதை நிறுத்தினேன். இரண்டாம் பாடவேளையில் தலையை மேசையில் சாய்க்கிற பிள்ளை யார் என்று பார்த்தால் போதும். பத்தாம் வகுப்புப் பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நெருக்கடி முடிந்தது என்று அறிவித்த பிறகு அவர்களில் சிலரை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். ஒருவன் வந்தான்.

தோணித்துறை:

பனங்கூடல் அக்கா, கொழுந்துமலை சார், ரொம்ப நன்றி. மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு கேள்வி மட்டும். இவ்வளவு கோபம் இருந்தும் ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் போன கூட்டத்தில் உங்கள் பக்கத்து ஆட்கள் அவ்வளவாக இல்லை என்று படித்தேன். ஏன்? அப்புறம் மாமா கேட்கச் சொன்னார், இப்போது வெங்காயம் அனுப்பினால் பணம் ஒழுங்காக வருமா?

பனங்கூடல்:

போனவர்கள் இருந்தார்கள், குறிப்பாகக் கொழும்பில் படித்த, வேலை செய்த பிள்ளைகள். மே 18ஆம் தேதி போராட்டம் நடந்த கொழும்புக் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்து, போரின் கடைசியில் இறந்த தமிழர்களை நினைவு கூர்ந்ததையும் கண்டோம், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இங்கே பல பேர் தள்ளி நின்றுதான் பார்த்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017லிருந்து வீதியோரத்தில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி அந்தக் கூட்டம் வந்ததில்லை. அப்போதைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச பதவியை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காரணம்தான் வேறு, எங்கள் காரணம் பெற்றோல் தீர்வதற்கு மிக முந்தியது. அவர் 13ஆம் தேதி விடிகாலை மாலைதீவுக்குப் பறந்தார். அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் வெடி கொளுத்தியதாகத் தெரியவில்லை. எல்லாரும் எரிபொருள் எப்ப வரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமாவுக்கு: வங்கிகளில் இப்போது டொலர் இருக்கிறது. 2020லிருந்து நிறுத்தி வைத்திருந்த தனியார் வாகன இறக்குமதியையே 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், அதைவிட வேறு அடையாளம் வேண்டாம். ஆனாலும் புது ஆளுக்குக் கடனில் அனுப்ப வேண்டாம், எல்.சி. (பணம் தருவதற்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) திறந்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள். வெங்காயத்துக்கு இங்கே அறுவடை நேரம் பார்த்து இறக்குமதி வரியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். கப்பலில் ஏற்றுவதற்கு முன் அந்தக் கிழமை வரி எவ்வளவு என்று வாங்குபவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.